‘உங்களை நான்…’: பாதியில் நிற்கும் வாக்கியங்கள் பற்றி ஓர் இழை

15 டிசம்பர் 2024, வேளச்சேரி வாசகர் கேட்டது

அக்கா, ரெட்டிசென்ஷியா என்று லத்தீனில் ஓர் உத்தி உண்டாம். பேசிக்கொண்டே வந்து, வேண்டுமென்றே பாதியில் வாயை மூடிக்கொள்வது. விட்டதைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். நம் ஊரில் இது கிடையாது என்பது என் கட்சி. தமிழ்ப் பேச்சு என்றால் அடுக்குமொழி, மூச்சு விடாமல் கொட்டுவது. நிறுத்தத் தெரிந்த ஒரு பேச்சாளரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

15 டிசம்பர், இரவு

மேடைக்கு ஏன் போகிறீர்கள்? மாநகரப் பேருந்தில் ஏறுங்கள். படிக்கட்டில் தொங்குகிற பையன்களைப் பார்த்து நடத்துநர் சொல்வார்: “டேய், உங்கள எல்லாம் நான்…” அவ்வளவுதான். வினைச்சொல் வராது, விசில்தான் வரும்.

லத்தீன்காரர்கள் இந்த உத்திக்கு இலக்கணம் சொல்லும்போது காட்டுகிற உதாரணமும் அச்சு அசல் இதுவே. ரோமக் கவி வெர்ஜிலின் ஈனியட் காவியம், முதல் காண்டம், 135ஆம் வரி. தேவி ஜூனோவின் பேச்சைக் கேட்டு, காற்றுகளின் அரசன் ஏயோலஸ் அவற்றை அவிழ்த்துவிடுகிறான். கடல் கொந்தளித்துக் கதாநாயகன் ஈனியாஸின் கப்பல்கள் சிதறுகின்றன. கடல் தெய்வம் நெப்டியூன் தலையை வெளியே நீட்டிக் காற்றுகளைக் கூப்பிட்டு அதட்டுகிறான். ‘க்வோஸ் எகோ’ என்று ஆரம்பிக்கிறான், நிறுத்துகிறான், ‘முதலில் இந்த அலைகளை அடக்குவதே மேல்’ என்று வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘எவர்களை நான்’. நம் வாயில் வந்தால் ‘உங்களை நான்’.

ஐ உருபு ஏறிய உடனேயே யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. என்ன ஆகும் என்பது மட்டும் பாக்கி. தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஆள் யார், பொருள் எது, இடம் எது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, செய்யப்போவதை மட்டும் விழுங்கிவிடலாம்.

ஓவியர் ரூபன்ஸ் இந்தக் காட்சியை வரைந்தார், 1635இல் இளவரசர் ஃபெர்டினாண்ட் ஆண்ட்வெர்ப் நகருக்குள் நுழைந்த விழாவுக்காக. அந்த ஓவியத்துக்கு இன்றைக்கும் ‘க்வோஸ் எகோ’ என்றே பெயர் வழங்குகிறது. முடியாத வாக்கியம் ஒரு படத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

16 டிசம்பர், காலை

பேருந்தோடு நிற்கவில்லை. “எங்கப்பா மட்டும் இப்ப இருந்திருந்தா…” இதற்கு மேல் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? “இன்னொரு தடவ உன்ன இந்தத் தெருவுல பார்த்தேன்…” “நான் வாயத் திறந்தேன்னு வெச்சுக்கோ…” எல்லாமே ‘இருந்தால்’, ‘பார்த்தால்’ என்ற கணக்கில் கிளம்பி, வரவேண்டிய மறுபாதி வராமலே நிற்பவை. வேளச்சேரிக்காரர் வீட்டில் இதெல்லாம் பேசுவதே இல்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

16 டிசம்பர், மதியம்

‘ரெடோரிகா அட் ஹெரேனியம்’ என்று ஒரு லத்தீன் பேச்சுக்கலை நூல் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு, ஆசிரியர் பெயர் தெரியாது, வெகுகாலம் ரோமின் பெரிய பேச்சாளர் சிசெரோ கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் இந்த உத்திக்கு ஓர் உதாரணம். ஒருவன் இன்னொருவனைப் பார்த்து ஏறக்குறைய இப்படிச் சொல்கிறான்: “இதைச் சொல்ல உனக்குத் தைரியமா? போன தடவை அடுத்தவன் வீட்டில் நீ… வேண்டாம், சொல்ல மாட்டேன். உனக்குத் தகுந்ததைச் சொன்னால் எனக்குத் தகாததைச் சொன்னதாகிவிடும்.”

இதை லத்தீன் என்று சொல்லாமல் வாசித்துக் காட்டியிருந்தால் தண்ணீர் லாரி வந்து நிற்கும் எந்தத் தெருவிலும் நடந்ததாக நம்பியிருப்பீர்கள். அந்த ஆசிரியரே சொல்கிறார்: விளக்கமாகச் சொல்லியிருந்தால் உண்டாகும் கெடுதலைவிட, சொல்லாமல் கிளப்பிவிட்ட சந்தேகம் கொடியது.

கொடியது மட்டுமில்லை, செலவில்லாதது. அடுத்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று அவன் சொல்லவே இல்லை. கேட்டவர்கள் மனசுக்குள் எழுதிக்கொண்டார்கள். நாளைக்குப் பஞ்சாயத்து வைத்தால் “நான் என்ன சொன்னேன், சொல்லு” என்று கை விரிக்கலாம். இந்த உத்தியின் உயிரே இந்தத் தப்பித்தல்தான் என்று இப்போதைக்கு எழுதி வைக்கிறேன். நெப்டியூனுக்கு இது பொருந்தாது, அவன் யாரிடமும் தப்பிக்க வேண்டியதில்லை. அது கோபம்.

18 டிசம்பர்

கொளத்தூர் நண்பர் ‘நீங்கள் கோர்ட்டில் இருந்தவர், அங்கே இதைப் பார்த்திருப்பீர்களே’ என்கிறார். பார்க்காமலா. ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், சென்னையில்தான். எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள்.

கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும். கூண்டில் இருப்பவர் நல்ல நிதானமான ஆள், ஒன்றும் பிடி கொடுக்கவில்லை. வக்கீல் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்பார்: “உங்கள் தம்பி இறந்த அன்றைக்கு ராத்திரி நீங்கள் அந்த வீட்டில்…” நிறுத்துவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். “சரி, வேண்டாம். வேறு கேள்வி.”

நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து பார்ப்பார். என் விரல் மட்டும் சும்மா இருக்கும், ஏனென்றால் தட்டச்சு செய்ய ஒன்றுமில்லை. கேள்வி கேட்கப்படவே இல்லை, பதிலும் இல்லை. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வீட்டில் ராத்திரி ஏதோ நடந்திருக்கிறது. மேல்முறையீட்டில் வழக்குக் கட்டைப் பிரித்து வாசிக்கிறவருக்கு மட்டும் ஒன்றும் நடந்திருக்காது.

இதை எதிர்கொள்ளத் தெரிந்த வக்கீல்கள் குறைவு. தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எதிர்த்தரப்பு இப்படி நிறுத்தினால் உடனே எழுந்துவிடுவார்: “கேள்வியை முடிக்கச் சொல்லுங்கள் யுவர் ஆனர். என் கட்சிக்காரர் பதில் சொல்லத் தயார்.” அவ்வளவுதான், மூக்குக்கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறிவிடும். கையில் ஒன்றும் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடும். இருந்தால் முடித்திருப்பாரே.

தெருச்சண்டையிலும் இதே மருந்துதான். “நிறுத்தாத, சொல்லு! என்ன பார்த்த, எங்க பார்த்த, சொல்லு!” கெட்டிக்காரப் பெண்கள் இதைக் கேட்டே பாதிச் சண்டையை ஜெயித்துவிடுவார்கள்.

19 டிசம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ‘சாட்சி மௌனமாக இருந்தார் என்று பதிவதில்லையா’ என்று கேட்டிருக்கிறார். சட்டத்தில் இடம் உண்டு. சாட்சியின் நடந்துகொள்ளும் விதம் பற்றி முக்கியமென்று தோன்றுவதை நீதிபதி குறித்து வைக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 18, விதி 12 சொல்கிறது. குற்றவியலில் பழைய சட்டத்தின் 280ஆம் பிரிவும் அதையேதான் சொன்னது. ஆனால் வரிசையில் வழக்குகள் காத்திருக்கும்போது யார் எழுதுகிறார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி, வாக்குமூலம் எழுதப்படும் விதம். வழக்கமாகக் கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி என்று எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்து, சாட்சியே தானாகக் கதை சொன்னது போல ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். “சம்பவத்தன்று நான் ஊரில் இல்லை. நான் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல.” அந்த ‘என்று சொன்னால் சரியல்ல’ என் வாழ்நாளில் நான் அதிகம் தட்டிய தொடராகத்தான் இருக்கும். வீட்டில் பேரன் “பாட்டி தூங்கிட்டியா” என்றால், தூங்கிவிட்டேன் என்று சொன்னால் சரியல்ல என்றுதான் வாயில் வருகிறது.

இந்த ஓட்டத்தில் இடைவெளி கரைந்துவிடும். ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன்கள் ஒரு பக்கம், தங்கை மறுபக்கம். “உங்கள் அண்ணன் உங்கள் கல்யாணத்துக்குச் சீர் செய்தாரா இல்லையா?” அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஃபேனைப் பார்த்தார். நீதிபதி அவசரப்படுத்தவில்லை, நல்ல மனிதர். கடைசியில் “செய்தார்” என்றார். நான் தட்டியது: “என் அண்ணன் என் திருமணத்திற்குச் சீர் செய்தார்.” படிக்கிறவருக்கு அந்தச் சீர் கூடம் நிறையப் பரப்பி வைத்தது போல இருக்கும்.

இது ரெட்டிசென்ஷியா இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. அவர் வாக்கியத்தைத் தொடங்கி வெட்டவில்லை. தொடங்கவே முடியாமல் நின்றார். அது உத்தி இல்லை, அவஸ்தை.

22 டிசம்பர்

மயிலாப்பூர்க்காரர் கண்ணகியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமனைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தேவந்தி சொல்ல, கண்ணகி ‘பீடன்று’ என்று இருந்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் கோவலனே வந்து, குலப்பொருளைத் தொலைத்தது நாணாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். இதுதான் தமிழ் ரெட்டிசென்ஷியா என்கிறார் மயிலாப்பூர்.

இல்லை ஐயா. இரண்டும் முடிந்த வாக்கியங்கள். ‘பெருமையன்று’, முற்றுப்புள்ளி. ‘சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்’, முற்றுப்புள்ளி. இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்ற கேள்வியை அவள் பாதியில் வெட்டவில்லை, எடுக்கவே இல்லை. குறைவாகப் பேசுவது வேறு, வெட்டிப் பேசுவது வேறு. வெட்டினால் அடிமரம் தெரிய வேண்டும். அடிமரம் இல்லாவிட்டால் அங்கே மரம் இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

மதுரையில் பாண்டிமாதேவி சொல்வது கொஞ்சம் கிட்ட வருகிறது: ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’. எதைக் காட்டுவது? சொல்லவில்லை, விழுந்துவிட்டாள். தாய் தந்தையை இழந்தவர்களுக்கு அந்த முறையில் வேறு யாரையாவது காட்டித் தேற்றலாம், இதற்கு அது முடியாது என்று நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம்.

22 டிசம்பர், இன்னும் கொஞ்சம்

‘சொல்லாமல் சொன்னவர்’ தட்சிணாமூர்த்தியை விட்டுவிட்டீர்களே என்று இன்னொருவர். கல்லாலின் கீழ் இருந்த அந்த மௌனத்துக்கும், ‘சும்மா இரு’ என்பதற்கும், திருவண்ணாமலை ரமணருக்கும் இந்த இழையில் வேலை இல்லை. அவர்கள் எதிராளியை மடக்குவதற்காக வாயை மூடவில்லை. நாம் பேசுவது வம்பு.

24 டிசம்பர்

வேளச்சேரி வாசகர் திரும்பி வந்திருக்கிறார். ‘தமிழில் வார்த்தையை விடுவது சகஜம், தொல்காப்பியமே எச்சம் (சொல்லாமல் எஞ்சி நிற்பது) பத்து என்கிறது, அப்படியானால் தமிழில் எல்லாமே ரெட்டிசென்ஷியாவா?’ முதல் நாள் கிடையாது என்றார், இப்போது எல்லாமே அதுதானா என்கிறார். சரி, கேள்வி நல்ல கேள்வி.

முதல் நூற்றாண்டில் ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிண்டிலியன் இதற்கு வழி சொல்லிவிட்டார். விட்டது ஒரே ஒரு சொல், எது என்பதும் உடனே தெரிகிறது என்றால் அது வெறும் தொகுத்துச் சொல்லல். எதை விழுங்கினார் என்பது உறுதியாகத் தெரியவில்லை, அல்லது நிரப்பப் பல வாக்கியங்கள் வேண்டும் என்றால்தான் இந்த உத்தி. “டீ?” என்று கேட்டால் குடிக்கிறீர்களா என்று அர்த்தம், அதில் மர்மம் எதுவும் இல்லை. “டீயா… இந்த வீட்டிலயா…” என்றால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தொல்காப்பியர் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குச் சொல்கிற மூன்றில் ஒன்று நம் விஷயத்துக்கு நெருக்கம். கழிவு, ஆக்கம், ஒழியிசை. ஒழியிசைக்கு உரைகாரர்கள் காட்டும் தொடர் ‘கூரியதோர் வாள்மன்’. கூர்மையான வாள்தான்… அப்புறம்? அதை நீதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த ‘மன்’ இன்றைக்கு வழக்கில் இல்லை. ஆனால் மாம்பலத்தில் போய் ஒரு வரனைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். “பையனா? நல்ல பையன்தான்…” என்று இழுப்பார்கள். அந்த ‘தான்’ போதும், ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதில் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வந்த நல்ல இடம் இப்படி ஒரு ‘தான்’ காரணமாகத் தட்டிப்போனது. சொன்னவரைப் போய்க் கேட்டோம். “நான் நல்ல பொண்ணுன்னுதானே சொன்னேன்” என்றார். எழுத்துப்படி உண்மை! 16ஆம் தேதி தப்பித்தல் என்று எழுதினேனே, அதை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

25 டிசம்பர்

ஒழியிசையைச் சொன்னவள் கழிவை விட்டுவிட்டேன். அதியமான் இறந்தபின் ஒளவையார் பாடிய புறநானூறு 235: ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ‘மன்’. அதெல்லாம் போயிற்று என்பதை அந்த ஓரசையே சுமக்கிறது. வம்புக்குப் பயன்படும் கருவியே ஒப்பாரிக்கும் பயன்படுகிறது. ஆகவே தப்பித்தல்தான் இதன் உயிர் என்று எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். அது இதன் ஒரு தொழில். வேறு தொழில்களும் இருக்கின்றன.

29 டிசம்பர்

மார்கழி அல்லவா, சபா ஞாபகம் வராமல் இருக்குமா. சமத்தில், அதாவது முதல் தட்டிலேயே எடுக்காமல் அரை இடம் தள்ளி எடுக்கும் கிருதியில், முதல் தட்டு சும்மா விழும். பாடகர் வாய் திறக்கவில்லை, ஆனால் பாட்டு தொடங்கிவிட்டது. தொடையில் தாளம் போடுகிற மாமிக்கு அது தெரியும், பக்கத்தில் ஃபோன் பார்க்கிறவருக்குத் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் கோர்வைக்கு நடுவே விடுகிற கார்வைகளும் அப்படியே. கணக்குத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது இடைவெளி, மற்றவனுக்கு ஒன்றுமில்லை.

மேடைப் பேச்சுக்கும் இதே கதிதான். வேளச்சேரி வாசகர் கேட்ட பேச்சாளரை இப்போது தருகிறேன். கலைஞர் கருணாநிதி. “என் உயிரினும் மேலான…” என்று தொடங்கி நிறுத்துவார். ‘அன்பு உடன்பிறப்புகளே’ வருவதற்குள் கூட்டம் இரைந்துவிடும். அடுத்து வரப்போவது அத்தனை பேருக்கும் தெரியும், அதனால்தான் இரைச்சல். குவிண்டிலியன் கணக்கில் இது சேராது, ஏனென்றால் இதில் மறைவு ஒன்றுமில்லை. ஆனால் நிறுத்தத் தெரியாதவர்கள் என்று எங்கள் ஊர்க்காரர்களைச் சொன்னீர்களே, அதற்குப் பதில் இது.

அடுக்குமொழிக்காரர்கள்தான் நன்றாக நிறுத்துவார்கள். அடுக்கு ஏறிக்கொண்டே போனால்தான் கடைசிப் படியை எடுத்துவிடும்போது கால் தடுமாறும்.

2 ஜனவரி 2025

புத்தாண்டில் யாரோ ‘மௌனம் சம்மதம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இது வேறு வம்பு. இங்கே மௌனம் பேசுபவருடையது இல்லை, கேட்பவருடையது.

கி.மு. 63. ரோம் செனட் அவையில் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்த கட்டிலைன் உட்கார்ந்திருக்கிறான். சிசெரோ அவனை ஊரைவிட்டுப் போ என்கிறார். அவை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையே சிசெரோ கையில் எடுத்துக்கொள்கிறார்: இதே வார்த்தையை நல்லவர்களான செஸ்டியஸையோ மார்செல்லஸையோ பார்த்து நான் சொல்லியிருந்தால் இந்த அவை என்மேலேயே பாய்ந்திருக்கும், உன் விஷயத்தில் இவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் கத்துகிறார்கள் என்று பொருள். ‘கும் டாகென்ட், கிளாமான்ட்’. பேசாதபோது கூவுகிறார்கள்.

சாமர்த்தியம், ஆனால் நியாயமா? பயந்தவனும் பேச மாட்டான், தூங்குகிறவனும் பேச மாட்டான். நம் சங்கக் கூட்டங்களில் “ஆட்சேபணை இல்லாததால் தீர்மானம் நிறைவேறியது” என்பார்கள். பாதிப் பேர் வடைக்கு எழுந்து போயிருப்பார்கள்.

இதைத் திருப்பிப் போட்டவர் இங்கிலாந்தின் முன்னாள் சான்சலர் தாமஸ் மோர். 1535இல் விசாரணை; அரசரைத் திருச்சபைத் தலைவராக ஏற்கிறீரா என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததும் குற்றச்சாட்டில் ஒன்று. மௌனம் சம்மதமாகத்தான் கொள்ளப்படும் என்பது உங்கள் சட்டப் பழமொழி, அப்படியானால் நான் சம்மதித்தவன் அல்லவா என்று வாதாடினார். யாரும் நம்பவில்லை. தலை போயிற்று. இந்தியாவில் அரசியல் சாசனம் 20(3) இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் காவல் நிலைய விசாரணைக்கும் நீட்டியது. ஆனால் வாயை மூடிக்கொள்ள உரிமை இருப்பது ஒன்று, மூடிய வாயைப் பார்த்து ஊர் நினைப்பது இன்னொன்று.

5 ஜனவரி

நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய்க் கால் வலியோடு எழுதுகிறேன், சுருக்கமாக.

சிசெரோ இந்த உத்தியைச் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு குவிண்டிலியன் எடுத்துக்காட்டுவது மிலோ வழக்குப் பேச்சு. ‘நம் எல்லோரைப் பற்றியும்… முழுவதும் சொல்ல எனக்குத் துணிவில்லை’. கி.மு. 52, அரசியல் எதிரி குளோடியஸைக் கொன்றதாக மிலோ மேல் வழக்கு, சிசெரோ மிலோவின் வக்கீல். மன்றத்தைச் சுற்றி ரோமத் தளபதி பாம்பேயின் சிப்பாய்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குச் சிசெரோ நிஜமாகவே தடுமாறிவிட்டார், சரியாகப் பேச வரவில்லை என்கிறார்கள் பழைய ஆசிரியர்கள். மிலோ தோற்று இன்றைய மார்சேய் நகருக்கு நாடு கடந்து போனான். பிற்பாடு சிசெரோ பேச்சைச் செப்பனிட்டு எழுதி அவனுக்கு அனுப்ப, ‘நல்லவேளை இதை அன்றைக்குப் பேசவில்லை, பேசியிருந்தால் இந்த ஊர் மீன் எனக்குக் கிடைத்திருக்குமா’ என்று மிலோ சொன்னதாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார்.

துணிவில்லை என்று அலங்காரமாகச் சொல்கிறவருக்கு உண்மையிலேயே துணிவில்லாமல் போனால், கேட்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அப்படியானால் சீர் கேள்வியில் வாயடைத்து நின்ற அந்த அம்மாளை அவஸ்தை என்று நான் ஒரே வார்த்தையில் ஒதுக்கியதும் சந்தேகமாக இருக்கிறது. அண்ணனைப் பார்த்தாரே. எல்லோரும் பார்க்கும்படி, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். நீதிபதிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அண்ணனையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதைவிட நன்றாக எந்த வக்கீல் செய்திருப்பார்?

6 ஜனவரி

‘காதலில் இது உண்டா’ என்று திருவான்மியூர்ப் பெண் கேட்கிறார். குறள் 1151, மகளே. ‘செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை’. போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் வருவேன் என்பதை, அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல். செத்துவிடுவேன் என்று சொல்லவில்லை. வாக்கியம் முடிந்துவிட்டது, ஆகவே என் சட்டப்படி இது ரெட்டிசென்ஷியா இல்லை. இருந்தாலும் கண்ணகிக்குப் போட்ட சட்டத்தை இங்கே போட மனசு வரவில்லை. மயிலாப்பூர்க்காரர் கோபப்படலாம்.

12 ஜனவரி

வாட்ஸ்அப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ‘டைப்பிங்’ என்று வந்து வந்து மறைவதும், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று கல்வெட்டு மாதிரி நிற்பதும். இரண்டாவது ரொம்பப் பொருத்தம்: அடிமரம் தெரிகிறது. எங்கள் குடும்பக் குழுவில் ஒருவர் வேண்டுமென்றே அனுப்பி, நாலு பேர் பார்த்ததும் அழித்துவிடுவார். கேட்டால் கை தவறிவிட்டது என்பார்.

பத்திரிகையில் இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. நெருக்கடிநிலை வந்த வாரத்தில், 1975 ஜூன் 28 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு அச்சடித்தது. சும்மா தலையங்கமே இல்லாமல் பக்கத்தை நிரப்பியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கட்டத்தை வைத்துவிட்டு உள்ளே ஒன்றும் வைக்கவில்லை, அதுதான் பேச்சு.

19 ஜனவரி

பொங்கல் விடுமுறையில் வந்திருந்த என் அக்கா மகன், இளம் வக்கீல், இழையை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்கிறான்: “சித்தி, உங்க காலம் போச்சு. சாட்சியத்த ஆடியோ வீடியோவுல பதியலாம்னு பழைய சட்டத்துலயே 2009 கடைசியிலேர்ந்து இருக்கு, போன ஜூலையில வந்த புதுச் சட்டத்துலயும் இருக்கு. இனிமே மௌனமும் ரெக்கார்ட்ல ஏறிடும். மூக்குக்கண்ணாடி கழட்டுறதும் ஏறிடும்.”

ஏறட்டும். மேல்முறையீட்டில் மூன்று நாள் கிராஸை மூன்று நாள் உட்கார்ந்து எந்த நீதிபதி பார்ப்பார்? எழுத்தில் கொடு என்பார். யாரோ ஒரு பெண் காதில் மாட்டிக்கொண்டு தட்டுவாள். அந்த இடம் வந்ததும் மூன்று புள்ளி வைப்பாள், மேலதிகாரி வந்து ‘இது என்னம்மா தப்பு’ என்று அதையும் எடுக்கச் சொல்வார்.

அவனிடம் இதைச் சொன்னேன். “அப்படி இல்ல சித்தி, ஆனா…” என்றான். முடிக்கச் சொன்னேன். முடிக்கவில்லை.